இழப்பைப் படிக்கும் இளையோர்

சிறுவர்களும் இளையோரும் படிக்கும் கதைகளில் சாவு வரலாமா என்னும் வினா நம் இல்லங்களில் எழுவது அரிது. பாடநூலுக்கு வெளியே அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று நாம் கேட்பதே அரிதாயிற்றே! அமெரிக்க நாட்டிலோ இவ்வினா பெரிய வழக்காகவே நடந்திருக்கிறது. 1990 முதல் 1999 வரையிலான பத்தாண்டுகளில், நூலகங்களிலிருந்து நீக்குமாறு மிகுதியாக முறையிடப்பட்ட நூல்களை அந்நாட்டு நூலகச் சங்கம் பட்டியலிட்டபோது, முன்வரிசையில் ஒரு சிறிய கதைநூல் இடம்பெற்றது. கேத்ரின் பேட்டர்சன் எழுதி 1977இல் வெளிவந்த 'பிரிட்ஜ் டு டெரபிதியா' அது. 1978இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தைப் பெற்றதும் இதே நூல்தான். முறையிட்டவர்களுள் சிலர், கதைமாந்தர் இறைவனின் பெயரை வீணாக உச்சரிக்கிறார்கள் என்றனர். சிலர், அதில் வரும் கற்பனை நாடு மாந்திரீகத்தை நினைவூட்டுகிறது என்றனர். வேறு சிலருக்கு, அதில் ஒரு சிறுமி சாவதே பொறுக்கவில்லை.

இந்நூலை என் கையில் தந்தவள் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயில்கிறாள். துன்பமும் இழப்பும் பற்றிப் பேசும் இளையோர் நூல்களைக் குறித்துக் கல்லூரிக்கென அவள் எழுதிய கட்டுரையையும் நூலோடு சேர்த்துத் தந்து, "படித்துவிட்டு ஓரத்தில் ஏதாவது எழுதுங்கள், ஃபாதர்" என்றாள். பதினெட்டுப் பக்கங்கள். அவற்றுள் ஆறு பக்கங்களாவது கட்டுரை என்று சொல்லத்தக்கவையல்ல. அவளுடைய சொந்த வாழ்வு. பெயரைக் குறிப்பிடாமல் அவற்றைப் பற்றி எழுத அவள் இசைந்தமையால் இதை எழுதுகிறேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒன்பது வயதுத் தம்பி மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள்: ஆண்டவர் தம் தோட்டத்துக்கு அழகான பூவைப் பறித்துக்கொண்டார். இச்சொற்களைச் சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். வெறுங்கையோடு துக்கவீட்டுக்குள் நுழைய அவர்களால் இயலவில்லை. ஆனால், அதன்பின் பல மாதங்கள் தான் நன்றாகப் படிக்கவும் நல்ல பிள்ளையாக இருக்கவும் அஞ்சியதாக அவள் எழுதியிருக்கிறாள். அழகாயிருந்தால் பறிக்கப்படுவோம் அல்லவா? சிறுபிள்ளையின் தருக்கம்தான், எனினும் அதில் பிழை காண்பது கடினம்.

ஆறுதலாக அவளுக்குக் கொடுக்கப்பட்ட நூல்கள் புனிதர் வரலாறுகள். 1857இல் தன் பதினான்காம் வயதில் இறந்த தொமினிக் சாவியோ, 1902இல் பதினோரு வயதில் கொலையுண்ட மரிய கொரற்றி ஆகியோரின் கதைகள். அழகிய காட்சியைக் கண்டவனாய்ச் சாவியோ உயிர்விட்டான். தன்னைக் குத்தியவனை மன்னித்துக் கொரற்றி கண்மூடினாள். இவற்றை அவள் குறைத்துப் பேசவில்லை. "ஆனால் என் தம்பி புன்னகைக்கவில்லை. தாகமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்படிச் சாகிற பிள்ளைகளைப் பற்றி எந்தப் புத்தகமும் இல்லையா என்று தேடினேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

தாகமாயிருக்கிறது என்று சொல்லிச் சாவது யாருடைய சாவு என்பதை நம் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் அதைத்தான் குறித்தேன். கூடவே குழந்தை இயேசுவின் தெரேசாவைப் பற்றியும் எழுதினேன். 1897இல் இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்த அவர், தம் வாழ்வின் கடைசி ஒன்றரை ஆண்டுகள், விண்ணகம் உண்டு என்னும் உணர்வே அற்ற இருளில் இருந்தார். 1898இல் அவருடைய தன்வரலாற்றை அச்சிட்டபோது மடத்துச் சகோதரிகள் பல இடங்களில் திருத்தி மென்மையாக்கினார்கள். அவர் எழுதியபடியே மூல ஏடுகள் வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. புன்னகையோடு சாகாதவர்கள் நம் மரபில் இல்லாமலில்லை. அவர்களைச் சற்றே துடைத்து, தலைவாரி, படத்தில் மாட்டுவது நம் வழக்கம்.

பதினான்காம் வயதில், பள்ளி விடுதி நூலகத்தில், அட்டை கிழிந்த ஒரு புத்தகம் அவள் கையில் அகப்பட்டது. உள்ளே சாவு இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வர்ஜீனியா மாநிலத்தின் நாட்டுப்புறம். ஜெஸ் ஆரன்ஸ் ஐந்தாம் வகுப்பு மாணவன். நான்கு சகோதரிகளுக்கிடையே ஒரே பையன். மாடு கறக்கிறான், ஒளித்து வைத்துப் படம் வரைகிறான். தந்தை தொலைவிலுள்ள வாஷிங்டனுக்கு வேலைக்குப் போய் வருகிறார். பிறகு அந்த வேலையும் போகிறது. பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் லெஸ்லி என்னும் சிறுமியோ, எழுத்தாளர்களான பெற்றோரின் ஒரே மகள். இருவரும் நண்பர்களாகி, ஓர் ஓடைக்கு அப்பால் காட்டுக்குள் டெரபிதியா என்னும் தங்கள் கற்பனை நாட்டை அமைக்கிறார்கள். மரத்தில் தொங்கும் கயிற்றைப் பற்றி ஊசலாடித்தான் அங்கே போக வேண்டும். மழையால் ஓடை பெருகியிருந்த ஒரு நாள், இசையாசிரியை ஜெஸ்ஸை வாஷிங்டன் ஓவியக் கூடத்துக்கு அழைத்துச் செல்கிறார். அவன் வாழ்நாளிலேயே நிறைவான நாள் அது. அன்றைக்குத் தனியே போன லெஸ்லி, கயிறு அறுந்து ஓடையில் விழுந்து இறக்கிறாள். ஏன் அன்று, ஏன் அவள் என்பதற்குக் கதையில் விடையில்லை.

இதில் எங்கள் மாணவியைப் பற்றிக்கொண்ட இடம் லெஸ்லி இறக்கும் இடமன்று. அடுத்த நாள் காலை. ஜெஸ் எழுந்து வந்து, தாய் சுட்டுத் தந்த அப்பத்தைத் தட்டு நிறைய உண்கிறான். நன்றாயிருக்கிறது என்று நினைக்கிறான். எப்படி இவனால் சாப்பிட முடிகிறது என்று அக்காள் கேட்கிறாள். லெஸ்லியின் வீட்டுக்குப் போனதும், தன் வயதில் உற்ற நண்பரைச் சாவுக்குக் கொடுத்தவன் தான் ஒருவன்தான், இனிப் பள்ளியில் தனக்கு ஒரு மதிப்பு வரும் என்றுகூட அவன் மனம் எண்ணுகிறது. பிறகு சினம் வருகிறது. இறந்தவள்மீதே சினம்: தன்னைப் பழைய உலகத்திலிருந்து வெளியே இழுத்துவந்து, புதிய உலகில் கால் ஊன்றுமுன் விட்டுவிட்டுப் போய்விட்டாளே! தங்கையை அறைகிறான். கிறிஸ்துமஸ் பரிசாக லெஸ்லி கொடுத்த வண்ணப் பெட்டியை ஓடையில் எறிகிறான்.

தம்பியை அடக்கம் செய்த அன்று மாலை, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோற்றைத் தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டதையும், "கல் நெஞ்சுக்காரி" என்று ஓர் உறவுப் பெண் சொன்னதையும் மாணவி எழுதியிருக்கிறாள். "இரண்டு ஆண்டுகள் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஒப்புரவு அருட்சாதனத்தில்கூட. பாவம் என்று நினைத்திருந்தால் சொல்லியிருப்பேன். அதைவிட மோசமானது என்று நினைத்தேன்." அப்பத்தைப் பற்றிய அந்தப் பக்கத்தைப் படித்தபோது, கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாளாம். தம்பிக்காக அவள் அழுத முதல் அழுகை அதுவே.

பங்குப் பணியில் நான் ஆற்றிய அடக்கங்கள் பல. அவற்றில் குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் சுவரோரத்தில் நிற்பார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் பந்தல்காலைச் சுற்றி ஓடுவார்கள், வீட்டார் அவர்களை அதட்டுவார்கள், அல்லது இவர்களுக்கு ஒன்றும் புரியாது என்பார்கள். துக்கம் ஒரு பிள்ளையிடம் பசியாக வரும், வீம்பாக வரும், தங்கையின் கன்னத்தில் அறையாக வரும் என்பதைப் பேட்டர்சன் எங்கும் விளக்கவில்லை. ஒரு பையன் அப்படிச் செய்ததாக எழுதி, அவன் பக்கத்திலேயே நிற்கிறார்.

அப்படி எழுத அவருக்கு ஒரு காரணம் இருந்தது. 1974இல் அவருக்குப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், அவருடைய எட்டு வயது மகனின் உற்ற தோழி கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்தாள். மகனுக்குச் சொல்ல ஒரு சொல்லும் கிட்டாத நிலையில்தான் கதையை எழுதத் தொடங்கினார். லெஸ்லி சாகும் அதிகாரம் நெருங்கியதும் எழுதுகோல் நின்றுவிட்டது. 'உன்னால் எதிர்கொள்ள முடியாதது லெஸ்லியின் சாவையன்று, உன் சாவைத்தான்' என்னும் பொருள்பட ஒரு தோழி சொன்ன பிறகே மேலே எழுத முடிந்தது என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். இந்தப் பெண்மணி யார்? சீனாவில் மறைப்பணியாற்றிய பெற்றோருக்கு 1932இல் அங்கேயே பிறந்தவர்; தாமும் ஜப்பானில் நான்கு ஆண்டுகள் மறைப்பணி செய்தவர்; பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர் ஒருவரின் மனைவி. மறையுரைகளைக் கேட்டே வளர்ந்தவர். கதையிலோ மறையுரை ஒன்றுகூட இல்லை. சமயமற்ற கதை என்று அதை நீக்கச் சொன்னவர்கள் இதை அறிந்திருந்தார்களோ என்னவோ!

சமயம் அதில் இல்லாமலும் இல்லை. உயிர்ப்புப் பெருவிழாவன்று லெஸ்லி முதல்முறையாக ஜெஸ்ஸின் குடும்பத்தோடு கோவிலுக்கு வருகிறாள். திருமுழுக்குப் பெறாதவள், விவிலியத்தை அறியாதவள். திரும்பும் வழியில், இயேசுவின் கதை எவ்வளவு அழகானது என்று வியக்கிறாள். பிறந்தது முதல் கோவிலுக்குப் போய்வரும் ஜெஸ்ஸுக்கும் தங்கை மே பெல்லுக்கும் அது அச்சமூட்டும் கதையாகவே தெரிந்திருக்கிறது. நம்பியாக வேண்டிய நீங்கள் அதை வெறுக்கிறீர்கள், நம்ப வேண்டிய கட்டாயமில்லாத எனக்கு அது அழகாயிருக்கிறது என்கிறாள் லெஸ்லி. மறைக்கல்வி ஆசிரியர்கள் இந்த ஓர் உரையாடலையாவது படிக்க வேண்டும். விவிலியத்தை நம்பாவிட்டால் கடவுள் நரகத்தில் தள்ளிவிடுவாரே, நீ செத்துப்போனால் என்ன செய்வாய் என்று மே பெல் கவலையோடு கேட்கிறாள். சின்னஞ்சிறு பிள்ளை அதை எங்கிருந்தோ கற்றிருக்கிறது!

லெஸ்லி இறந்தபின் அக்கேள்வி ஜெஸ்ஸைத் துளைக்கிறது. வண்ணப் பெட்டியை ஓடையில் எறிந்துவிட்டு நிற்பவனைத் தேடி அவன் தந்தை வருகிறார். வேலையிழந்த, அதிகம் பேசாத, மகனைத் தொட்டு நெடுநாளான மனிதர். கரையில் அமர்ந்து, அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தலையைத் தடவுகிறார். அதன் பிறகே அவன் நரகத்தைப் பற்றிக் கேட்கிறான். சிறு பெண்பிள்ளைகளைக் கடவுள் நரகத்துக்கு அனுப்பமாட்டார் என்று தந்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

இவ்விடத்தில் மாணவி கடுமையாக எழுதியிருக்கிறாள்: எழுத்தறிவு குறைந்த ஒரு தொழிலாளி ஒரு நொடியில் சொன்னதைச் சொல்ல இறையியலுக்கு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின? கேள்வி நியாயமானதே, விடை அவள் நினைத்ததைவிடச் சற்று நீளமானது. தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுவோர் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் பதினாறாம் எண்ணில் கூறியது. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்குமாறு 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு கூறுகிறது. அவர்களுக்காக நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு விரிவாக எழுதியது. நான் குருமடத்தில் பயின்ற காலத்தில் லிம்போவைப் பற்றிய பாடம் ஓர் அரைமணி நேரத்தில் முடிந்துபோயிற்று. ஆசிரியருக்கே அதில் விருப்பமில்லை. ஆனால் பிள்ளையைப் புதைத்த தாய்மார்களுக்கு அது அரைமணி நேரப் பாடமாக இருக்கவில்லை. ஆகவே, தந்தையின் வாக்கியத்துக்கும் திருச்சபையின் போதனைக்கும் பகை காண நான் விரும்பவில்லை. மடியில் வைத்துக்கொண்ட பிறகு சொன்னார் என்பதில்தான் அவ்வாக்கியத்தின் வலிமை இருக்கிறது. தொலைவில் நின்று அதே சொற்களைச் சொல்லியிருந்தால் ஜெஸ் நம்பியிருக்கமாட்டான்.

சில நாள் கழித்து, டெரபிதியாவின் பைன் மரச் சோலையில் ஜெஸ் ஒரு மலர்வளையம் செய்து வைக்கிறான். அப்போது, சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை, 'என்' என்ற இடத்தில் 'அவளுடைய' என்று மாற்றிச் சொல்லி, லெஸ்லியின் ஆவியைத் தந்தையின் கையில் ஒப்படைக்கிறான். உயிர்ப்பு விழாவன்று அவள் அழகென்று கண்ட அதே கதையிலிருந்து வந்த சொற்கள். குருவில்லாமல், திருநூல் இல்லாமல் நடந்த இந்த அடக்கச் சடங்கைப் பற்றி மாணவியின் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. ஓரத்தில் பெரிய வினாக்குறி ஒன்று போட்டேன்.

அவளுடைய கட்டுரையில் வேறு இரண்டு நூல்களும் வருகின்றன. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் பற்றிய பகுதி எல்லாரும் எழுதுவதுதான். 'எ மான்ஸ்டர் கால்ஸ்' பற்றியது அப்படியன்று. சியோபன் டவுட் என்னும் எழுத்தாளர் இக்கதையின் கருவை உருவாக்கிவிட்டு 2007இல் புற்றுநோயால் இறந்தார். பேட்ரிக் நெஸ் அதை எழுதி 2011இல் வெளியிட்டார். தாய் மெல்லச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவன், 'இது சீக்கிரம் முடிந்துவிடாதா' என்று தன் மனத்தின் ஒரு மூலை விரும்பியதைச் சொல்ல முடியாமல் தவிப்பதே கதை. நோயாளி உள்ள வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் எந்தக் குருவுக்கும் அந்த மூலை தெரியும். வயது வந்தவர்களே அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

இத்தகைய நூல்கள் பிள்ளைகளின் மனத்தை இருளாக்கும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தில் ஒரு பங்கு உண்மையுண்டு. துன்பத்தைச் சரக்காக்கி, பக்கத்துக்குப் பக்கம் பிணங்களை அடுக்கும் இளையோர் நாவல்களும் இப்போது விற்கப்படுகின்றன. அழவைப்பதே அவற்றின் நோக்கம். அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் இருளைக் கண்டு அஞ்சுவதானால் திருப்பாடல் நூலையும் மூடிவைக்க வேண்டும். எண்பத்தெட்டாம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. பிற புலம்பல்களின் இறுதியில் வரும் நன்றியும் புகழ்ச்சியும் அதில் இல்லை. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு நம்பிக்கை வரியைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. லெஸ்லி ஜெஸ்ஸுக்குப் படிக்கத் தரும் நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ், 1940இல் வேதனையின் சிக்கலைப் பற்றித் தெளிவான நூலொன்றை எழுதினார். 1960இல் மனைவியை இழந்தபின், 1961இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட துயரக் குறிப்புகளில் அந்தத் தெளிவு உடைந்து கிடக்கிறது. உடைந்த நூலையே துயருற்றோர் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

எனக்கும் மாணவிக்கும் உடன்பாடு ஏற்படாத இடம் கதையின் முடிவு. வகுப்பில் எல்லாரும் அஞ்சும் ஆசிரியை திருமதி மையர்ஸ், ஜெஸ்ஸை வெளியே அழைத்து, தம் கணவர் இறந்தபோது அழாதே, மறந்துவிடு என்று பலர் சொன்னதையும், மறக்கத் தமக்கு மனமில்லாததையும் சொல்கிறார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்பது மாணவியின் கருத்து. அதன்பின், லெஸ்லியின் பெற்றோர் விட்டுச்சென்ற பலகைகளைக் கொண்டு ஜெஸ் ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டி, தங்கையை டெரபிதியாவுக்கு அரசியாக அழைத்துச் செல்கிறான். "பெரியவர்களுக்கு நாங்கள் சீக்கிரம் தேறிவிட வேண்டும், அதற்காகக் கட்டிய பாலம் இது" என்று எழுதியிருக்கிறாள்.

நான் ஓரத்தில் நீளமாகவே எழுதினேன். பாலத்தைப் பெரியவர் எவரும் கட்டவில்லை. பத்து வயதுப் பையன் தன் கையால் கட்டினான். முன்பொரு முறை மே பெல் அவனைப் பின்தொடர்ந்து, ஓடைமேல் கிடந்த மரத்தின் நடுவில் வந்ததும் அஞ்சி நின்றுவிட்டாள், அவன்தான் மீட்டான். லெஸ்லி துணிச்சல்காரி, கயிறு போதும். மே பெல்லுக்குப் பாலம் வேண்டும். இலாசர் இறந்தபின் மார்த்தாவும் மரியாவும் ஒரே முறையீட்டைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான். மார்த்தாவுக்கு ஆண்டவர் உயிர்ப்பைப் பற்றிப் பேசினார், மரியாவின்முன் அழுதார். இருவருக்கும் ஒரே மறுமொழியை அவர் தரவில்லை. மையர்ஸோடு முடியும் கதை மரியாவுக்கு உரியது. மார்த்தாக்களும் அதைப் படிக்கிறார்களே.

தாள்கள் திரும்பி வந்தபோது, என் குறிப்பின் கீழே சிறிய எழுத்தில் பதில் இருந்தது. மார்த்தாவுக்குச் சொன்ன பிறகுதானே மரியாவிடம் அழுதார், ஃபாதர். வரிசையைப் பாருங்கள், அழுகைதான் பின்னால் வருகிறது என்று எழுதியிருந்தாள். யோவானின் பதினோராம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். வரிசை அவள் சொன்னபடிதான் இருக்கிறது. அதற்கும் பின்னால், கல்லை அகற்றச் சொல்லும் வரி இருக்கிறதே என்று எழுதித் தாள்களை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். சோலையில் நடந்த மலர்வளையச் சடங்கைப் பற்றி நான் போட்ட வினாக்குறிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அந்த அதிகாரத்தை மீண்டும் படிக்க வேண்டும் என்று மட்டும் குறித்திருக்கிறாள்.